டிடிஹெச் vs கேபிள்: உங்க டிவியில் படமும் சத்தமும் எதில் நல்லா இருக்கும்? பாக்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புதுசா 43 இன்ச் டிவி வாங்கியாச்சு. கடையில் பார்த்தப்போ கண்ணாடி மாதிரி இருந்த படம், வீட்டுக்கு வந்ததும் மங்கலா தெரியுது. சீரியலில் முகம் மெழுகு பூசினது போல இருக்கு, கிரிக்கெட்டில் பந்து எங்கே போகுதுன்னு தெரியலை. உடனே வீட்டில் ஒரு விவாதம் ஆரம்பமாகும். "கேபிளை எடுத்துட்டு டிஷ் போட்டுடலாம்" என்பார் ஒருவர். "மழை பெஞ்சா டிஷ்ல ஒண்ணும் வராது, கேபிளே இருக்கட்டும்" என்பார் இன்னொருவர்.

இதில் யார் சொல்வது சரி? ஒரு கம்பெனியின் பாக்ஸை இன்னொரு கம்பெனியின் இணைப்பில் பயன்படுத்த முடியாது. அதனால் மாத்துறதுன்னா புது பாக்ஸ், புது வயர், இன்ஸ்டலேஷன் என்று மறுபடியும் காசு செலவு. அந்தக் காசை எடுத்து வைப்பதற்கு முன், படத்தின் தரத்தை உண்மையில் எது தீர்மானிக்கிறது என்று விரிவாகப் பார்க்கலாம்.

கேபிளும் வானத்தில் இருந்துதான் வருது!

பலருக்கும் தெரியாத விஷயம் இது. டிடிஹெச் மட்டும்தான் செயற்கைக்கோளில் இருந்து வருது, கேபிள் ஏதோ தரை வழியாகவே வருது என்று நினைக்கிறோம். அப்படிக் கிடையாது.

டிவி சேனல்கள் தங்கள் நிகழ்ச்சியை முதலில் செயற்கைக்கோளுக்குத்தான் அனுப்புகின்றன. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் அந்தச் செயற்கைக்கோள் நிற்கும். அங்கிருந்து வரும் சிக்னலை கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை பெரிய பெரிய டிஷ்களை வைத்துப் பிடிக்கும். இதற்கு ஹெட்எண்ட் என்று பெயர். அங்கே எல்லா சேனல்களையும் ஒன்று சேர்த்து, ஃபைபர் வழியாக உங்கள் ஊருக்கும், அங்கிருந்து கோஆக்சியல் வயர் வழியாக உங்கள் வீட்டுக்கும் அனுப்புகிறார்கள்.

டிடிஹெச் நிறுவனமும் முதலில் இதே வேலையைத்தான் செய்கிறது. சேனல்களை ஒரு இடத்தில் பிடித்து, மறுபடியும் வேறொரு செயற்கைக்கோளுக்கு ஏற்றி, அங்கிருந்து நேராக உங்கள் மொட்டை மாடி டிஷ்ஷுக்கு இறக்குகிறது. அதாவது, இரண்டுக்கும் மூலச் சரக்கு ஒன்றுதான். வித்தியாசம் கடைசிக் கட்டப் பயணத்தில் மட்டும்தான். ஒன்று வயரில் வருது, இன்னொன்று வானத்தில் இருந்து நேரா விழுது.

அப்போ பழைய கேபிள் ஏன் புள்ளி புள்ளியா தெரிஞ்சது?

அது அனலாக் காலம். வயரில் சிக்னல் பலவீனமானால் படத்தில் புள்ளிகள் பறக்கும், ஒரு உருவத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு உருவம் தெரியும். 2003-ல் டிஷ் டிவி மூலம் இந்தியாவில் டிடிஹெச் அறிமுகமானபோது, அது டிஜிட்டலாக வந்தது. பக்கத்து வீட்டு கேபிளோடு ஒப்பிட்டால் படம் பளிச்சென்று இருந்தது. "டிஷ்னா கிளாரிட்டி" என்ற பேச்சு அப்போது வந்ததுதான்.

ஆனால் அதற்குப் பிறகு கேபிளும் மாறிவிட்டது. மத்திய அரசு கொண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 2012-ல் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் தொடங்கி, 2017 வரை 4 கட்டங்களாக கேபிளை டிஜிட்டலுக்கு மாற்றத் திட்டமிடப்பட்டது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கும் 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, செட் டாப் பாக்ஸ்கள் வீடுகளுக்கு வந்தன. இப்போது இரண்டுமே டிஜிட்டல்தான். அதனால் "டிஷ் டிஜிட்டல், கேபிள் பழசு" என்ற கணக்கு இனி செல்லாது.

டிஜிட்டலில் ஒரு குணம் இருக்கு. சிக்னல் போதுமான அளவு இருந்தால் படம் முழுசா வரும். கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் படம் அதைவிட நல்லா வராது. ஒரு எல்லைக்குக் கீழே போனால், படம் கட்டம் கட்டமா உடையும், சத்தம் டக் டக்கென்று வெட்டும், அப்படியே உறைந்து நிற்கும். இடைப்பட்ட நிலை என்பதே கிடையாது. எனவே, உங்கள் படம் உடையாமல் ஆனால் மங்கலாக இருந்தால், அதற்குக் காரணம் சிக்னல் இல்லை. வேறு இடத்தில் தேட வேண்டும்.

மங்கலுக்கு முதல் காரணம்: எஸ்டி

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். இந்தியாவில் எஸ்டி சேனலின் படம் என்பது 720-க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். முழு ஹெச்டி என்பது 1920-க்கு 1080. அதாவது சுமார் 20.7 லட்சம். எஸ்டியைவிட 5 மடங்கு. 4கே டிவியின் திரையில் இருப்பது சுமார் 83 லட்சம் புள்ளிகள். எஸ்டியைவிட 20 மடங்கு!

அப்படியென்றால், 4கே டிவியில் எஸ்டி சேனல் பார்க்கும்போது, 20 புள்ளியில் ஒரு புள்ளிதான் உண்மையில் வந்தது. மீதி 19 புள்ளிகளை டிவியே ஊகித்து நிரப்புகிறது. முகம் மெழுகு மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். பழைய 21 இன்ச் பெட்டியில் இதே படம் நல்லாத்தான் இருந்தது. திரை பெருசானதும் குறை வெளியே தெரியுது.

பல வீடுகளில் இன்னும் இருப்பது எஸ்டி பாக்ஸ்தான். அதில் எவ்வளவு விலை கொடுத்து பேக் போட்டாலும் ஹெச்டி வராது. அதனால் முதல் கேள்வி "டிஷ்ஷா, கேபிளா" என்பது இல்லை. "எஸ்டியா, ஹெச்டியா" என்பதுதான். நல்ல கேபிளில் வரும் ஹெச்டி, எந்த டிடிஹெச் எஸ்டியையும்விட நல்லா இருக்கும். அதே மாதிரி, டிடிஹெச் ஹெச்டி, எந்த கேபிள் எஸ்டியையும்விட நல்லா இருக்கும்.

ரெண்டுமே ஹெச்டின்னா? அப்போ பார்க்க வேண்டியது நெரிசல்

ஹெச்டியிலும் எல்லாம் ஒன்றில்லை. ஒரே சேனல், ஒரே மேட்ச், இரண்டு இணைப்பில் இரண்டு விதமாகத் தெரியலாம். காரணம், படத்தை எவ்வளவு அழுத்திச் சுருக்குகிறார்கள் என்பது.

இதை பஸ்ஸோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். கேபிள் வயரில் 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கு. இதை 8 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள அறைகளாகப் பிரித்தால் சுமார் 100 அறைகள் வரும். ஒவ்வொரு அறையும் ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் ஒரு பஸ்ஸில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் தகவல் ஏறும். அதில் 5 ஹெச்டி சேனல் மட்டும் ஏற்றினால், ஒவ்வொன்றுக்கும் 7 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். எல்லோரும் உட்கார்ந்து போகலாம். அதே பஸ்ஸில் 10 சேனலை ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் 4 மெகாபிட்கூட இருக்காது. படிக்கட்டில் தொங்க வேண்டியதுதான்.

அந்த நெரிசல் எங்கே தெரியும்? செய்தி வாசிப்பவர் முகத்தில் தெரியாது. அங்கே அசைவு குறைவு. கிரிக்கெட்டில் கேமரா பவுண்டரியை நோக்கி வேகமாகத் திரும்பும்போது புல்தரை பச்சைப் பசையாகக் குழையும். சினிமா பாட்டில் கூட்டம் ஆடும்போது, புகை, தண்ணீர், கலர் லைட் வரும்போது கட்டங்கள் தெரியும்.

டிடிஹெச்சிலும் இதே கதைதான். செயற்கைக்கோளில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். 2022 ஜூனில் ஏவப்பட்டு, முழுக் கொள்ளளவும் டாடா பிளே நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்ட ஜிசாட்-24-ல் இருப்பது 24 கேயு பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள். ஒரு டிரான்ஸ்பாண்டரில் கேபிள் அறையைவிட அதிகத் தகவலை ஏற்ற முடியும் என்றாலும், வானத்தில் இடம் குறைவு, வாடகை அதிகம். புது சேனல் வந்தால், இருக்கும் இடத்தில்தான் நெருக்கி உட்கார வைக்க வேண்டும்.

இதை ஈடுகட்டத்தான் சுருக்கும் தொழில்நுட்பம் மாறிக்கொண்டே வருகிறது. எம்பெக்-2, அதற்குப் பிறகு எம்பெக்-4, இப்போது ஹெச்இவிசி. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் கிட்டத்தட்ட பாதி இடத்தில் அதே தரத்தைக் கொடுக்கும். பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-2 மட்டும் எடுக்கும் பழைய பாக்ஸை தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பேப்பரில் பார்த்தால் கேபிளுக்குத்தான் இடம் அதிகம். ஆனால் நடைமுறையில், அந்த இடத்தை உங்கள் ஊர் நெட்வொர்க் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்துத்தான் படம் அமையும்.

மழை வந்தா டிஷ் ஏன் நின்னுடுது?

டிடிஹெச் பயன்படுத்துவது கேயு பேண்ட். அலைநீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். அலைநீளம் குறைவு என்பதால்தான் சின்ன டிஷ்ஷே போதும். ஆனால் அதே காரணத்தால், கனமழையின் துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கேபிள் ஹெட்எண்ட் பெரும்பாலும் பிடிப்பது சி பேண்ட். அலைநீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர். மழை இதை அவ்வளவாகப் பாதிக்காது. அதற்குத்தான் அங்கே அவ்வளவு பெரிய டிஷ்.

ஒரு ஆறுதல் என்னவென்றால், தமிழ்நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கு. நம்ம ஊரில் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது. அதனால் சிக்னல் மழைக்குள் கடந்து வரும் தூரம் குறைவு. தூறலுக்கெல்லாம் நிற்காது. தூறலுக்கே படம் போகுதுன்னா, டிஷ்ஷின் திசை லேசாக விலகியிருக்கு என்று அர்த்தம். அல்லது, டிஷ் போட்டபோது குட்டையாக இருந்த தென்னை இப்போது வளர்ந்து மறைக்கிறது.

கேபிளுக்குப் பிரச்னை வேறு விதத்தில் வரும். வழியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், தெருமுனையில் கரண்ட் போனால் கேபிள் நின்றுவிடும். டிடிஹெச்சுக்கு வீட்டில் கரண்ட் இருந்தால் போதும். புயல் அடித்தால் இன்னும் சிக்கல். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கம்பத்தோடு போகும் வயர், கம்பம் விழுந்தால் கூடவே விழும். டிஷ் மழை விட்டதும் திரும்ப வரும். கேபிள், கம்பம் நட்ட பிறகுதான் வரும்.

புயல் நேரத்தில் கனமழைக்கு டிஷ் நிற்கலாம், கரண்ட் போனால் கேபிளும் நிற்கலாம். எச்சரிக்கைச் செய்தி தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் எந்த இணைப்பு வைத்திருந்தாலும், பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

வானத்தில் இருப்பதும் பழுதாகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சோலார் பேனலில் கோளாறு ஏற்பட்டு, பாதி டிரான்ஸ்பாண்டர்கள் நிறுத்தப்பட்டன. அதைப் பயன்படுத்தி வந்த சன் டைரக்ட் சேவை பாதிக்கப்பட்டு, வேறு செயற்கைக்கோளின் உதவியை நாட வேண்டியதாயிற்று. எந்த வழியும் நூறு சதவீதம் உத்தரவாதம் கிடையாது.

சத்தம்: எதில் துல்லியம்?

சத்தத்தைப் பொறுத்தவரை, டிடிஹெச், கேபிள் என்ற வித்தியாசம் படத்தைவிடக் குறைவு. பெரும்பாலான எஸ்டி சேனல்களில் வருவது இரண்டு சேனல் ஸ்டீரியோ ஒலி. சில ஹெச்டி சேனல்கள் டால்பி 5.1 ஒலி தருகின்றன. அதாவது முன்னால் 3, பின்னால் 2, பேஸ் சத்தத்துக்கு ஒன்று. இந்த ஒலியை உங்கள் நெட்வொர்க் அப்படியே கடத்துகிறதா, இல்லை சுருக்கி ஸ்டீரியோ ஆக்கி அனுப்புகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"டால்பி வருது, ஆனா வசனம் கேட்கலை, மியூசிக் மட்டும் காதைப் பிளக்குது" என்று பலர் சொல்வதுண்டு. இது இணைப்பின் குறை இல்லை. 5.1-ல் வசனம் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். டிவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. எல்லாவற்றையும் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அடைக்கும்போது வசனம் அமுங்கிவிடும். பாக்ஸ் மெனுவில் ஆடியோ அவுட்புட்டை ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றிப் பாருங்கள். வீட்டில் காது கொஞ்சம் மந்தமான பெரியவர்கள் இருந்தால், இந்த ஒரு மாற்றமே அவர்களுக்குப் பெரிய உதவி.

உதட்டசைவும் சத்தமும் பொருந்தவில்லை என்றால், சவுண்ட்பாரிலோ டிவியிலோ ஏவி சிங்க் என்ற செட்டிங் இருக்கும். அதில் சரிசெய்யலாம்.

காசு செலவழிக்கும் முன் 10 நிமிடம் இதைச் செக் பண்ணுங்க

* வயரைப் பாருங்கள்: பாக்ஸில் இருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போகிறதா? அதில் ஹெச்டி வரவே வராது. ஹெச்டி பாக்ஸுக்கும் ஹெச்டி பேக்குக்கும் காசு கட்டிவிட்டு, இந்த வயரில் எஸ்டி பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டுங்கள்.

* சேனல் நம்பரைப் பாருங்கள்: ஒரே சேனலுக்கு எஸ்டி, ஹெச்டி என இரண்டு நம்பர் இருக்கும். பழக்கத்தில் பழைய நம்பரையே அழுத்திக்கொண்டிருக்கலாம்.

* பாக்ஸ் செட்டிங்: வீடியோ ரெசல்யூஷன் 576 என்று இருந்தால் 1080-க்கு மாற்றுங்கள்.

* டிவி செட்டிங்: பிக்சர் மோட் விவிட் என்று இருந்தால், ஷார்ப்னெஸ் கூடி, கட்டங்களை எடுத்துக் காட்டும். ஸ்டாண்டர்டு அல்லது சினிமா மோடுக்கு மாற்றி, ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். ஆட்கள் குண்டாகத் தெரிந்தால், 4:3 படத்தை 16:9-க்கு இழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

* சிக்னல் அளவு: பாக்ஸ் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என இரண்டு கோடு காட்டும். முக்கியமானது குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் நிறைய இருந்து குவாலிட்டி குறைந்தால், கேபிளில் ஆம்ப்ளிஃபையரை அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருக்கலாம். டிஷ் என்றால் திசை விலகியிருக்கலாம்.

* ஜாயிண்ட்: வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, துருப்பிடித்த கனெக்டர், தேவையில்லாத ஸ்ப்ளிட்டர் ஆகியவற்றை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வயரை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் படம் சரியில்லை என்றால், அப்போது மாற்றுவது பற்றி யோசிக்கலாம். கேபிள் ஆபரேட்டரிடமும் டிடிஹெச் நிறுவனத்திடமும் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். டிராய் அமைப்பு விதிகளை வகுக்குமே தவிர, தனிநபர் புகாரை நேரடியாக விசாரிக்காது. நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

சரி, யாருக்கு எது செட் ஆகும்?

அடுக்குமாடியில் இருக்கீங்க, மொட்டை மாடியில் டிஷ் வைக்க அனுமதி இல்லை, அல்லது தெற்குப் பக்க வானம் கட்டடத்தால் மறைந்திருக்கிறதா? கேபிள்தான் வழி. ஹெச்டி பாக்ஸ் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்கு வெளியே, வயல் நடுவே வீடு. கேபிள் வயர் வெகு தூரம் இழுத்து வர வேண்டியிருக்கு, வாரம் ஒரு தடவை அறுந்து போகுது என்றால் டிடிஹெச் நல்லது. தூரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மாதக் கட்டணமே கட்ட முடியாது, செய்தியும் சில பொழுதுபோக்கு சேனல்களும் போதும் என்றால், தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கு. பாக்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் ஒரு முறை செலவு செய்தால் போதும். ஆனால் அதில் பிரபல தமிழ்க் கட்டண சேனல்களை எதிர்பார்க்க முடியாது.

கிரிக்கெட், சினிமா இரண்டையும் பெரிய திரையில் பார்ப்பவர்கள், விளம்பரத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உங்கள் தெருவில் கேபிள் ஹெச்டி வைத்திருக்கும் ஒரு வீடு, டிடிஹெச் ஹெச்டி வைத்திருக்கும் ஒரு வீடு, இரண்டிலும் ஒரே சேனலை, ஒரே மேட்ச் நடக்கும்போது 10 நிமிடம் பாருங்கள். பந்து பவுண்டரிக்கு ஓடும்போது புல் புல்லாகத் தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். முடிந்தால் இரண்டு வீட்டு டிவியும் ஒரே அளவில் இருக்கட்டும். எந்த கம்பெனியின் நோட்டீஸும் சொல்லாத பதில் அதில் கிடைத்துவிடும்.

ஒரே வரியில் சொன்னால்...

தரத்தைத் தீர்மானிப்பது முதலில் ஹெச்டியா எஸ்டியா என்பது, அடுத்து சேனலுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குகிறார்கள் என்பது, அதற்கு அடுத்து உங்கள் வீட்டு வயரும் செட்டிங்கும். டிஷ்ஷா கேபிளா என்பது இந்த மூன்றுக்கும் பிறகுதான் வரும். பல வீடுகளில் பிரச்னை ஒரு ஹெச்டிஎம்ஐ வயரிலேயே தீர்ந்துவிடும். அதை மாட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் பாக்ஸை மாத்தலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுங்க!